பெட்ரோல் டேங்குக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தவன்

முப்பத்து மூன்று வருடங்கள் மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்த எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஸ்கூட்டர் உண்டு, அதுவும் மனைவியின் பெயரில். ஆயிரக்கணக்கான வண்டிகளின் தகுதியைத் தீர்மானித்த கை இது என்று வீட்டில் பெருமை பேசினால், அந்தக் கையால் முதலில் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணுங்கள் என்று பதில் வரும். நான் பிளம்பருக்கு போன் போடுவேன்.

இப்படிப்பட்டவனிடம் போய் எங்கள் ஊர்க் குட்டிக் கார் சங்கம் தன் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறது. பழைய இத்தாலியச் சிறு கார்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களின் சங்கம் அது. பல் டாக்டர் ஒருவர், பேக்கரிக்காரர் ஒருவர், ரிட்டையரான பேங்க் மேனேஜர்கள் இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். பெரும்பாலோரிடம் இருப்பது ஃபியட் ஆயிரத்து நூறு. ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அதைவிடக் குட்டியான ஃபியட் ஐந்நூறு. தலைவர் ஏழுமலை, தவளக்குப்பத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் காரில் ஏறினால் எந்த மீன் சீசன் என்று தெரிந்துவிடும்.

"இனிமே வண்டிய மெஷினே செக் பண்ணிடுமாம் சார். மனுசன் செக் பண்ணப்ப எப்படி இருந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க" என்றார் ஏழுமலை. மனிதன் சோதித்த காலத்தின் அருமை பெருமைகளைச் சொல்ல என்னைவிட மோசமான ஆள் கிடைக்கமாட்டான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார். சரி, எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டோமொபைல் டிப்ளமா, ஒரு வருடம் ஒர்க்‌ஷாப்பில் எடுபிடி, ஒரு பரீட்சை, வேலை. இன்ஜினைக் கழற்றத் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். கழற்றத் தெரியும் என்பது உண்மைதான். மாட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் அந்துவான் சார். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. ஆய்வு மைதானத்தில் வண்டி வந்து நின்றதும் நாங்கள் எல்லாம் ஃபைலைத் திறப்போம். அவர் திறக்கமாட்டார். வண்டியை ஒருமுறை முழுக்கச் சுற்றி வருவார். கதவு, மட்கார்டு, டிக்கி என்று விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார். துருவை மறைத்துப் பட்டி பார்த்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். "வண்டியப் பாருய்யா மொதல்ல. பேப்பர் எங்கயும் ஓடிடாது" என்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எங்கள் தப்புகளை நீலத்தில் திருத்துவார். படிக்கிறவருக்கு அது திருத்தம் என்றே தெரியாது. சிவப்பு அவருடைய சொந்தத் தப்புகளுக்கு மட்டும். பதிவேட்டில் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "பிழை என்னுடையது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து இடுவார். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அப்படி நடக்கும். அன்றைக்கும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல வெற்றிலை போடுவார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டு அதற்கு ரசீதும் போடுகிறாரே என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் முக்கியமான சடங்கு சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரதி எடுப்பது. வண்டியின் உடம்பில் ஓர் இடத்தில் எண்ணை அடித்திருப்பார்கள். அதுதான் வண்டியின் அடையாளம். மற்றதையெல்லாம் மாற்றலாம், அதை மாற்றக்கூடாது. அந்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். எண் மெதுவாக வெள்ளையாக எழும்பி வரும். அதை ஃபைலில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். சில பேர் புரோக்கர் தேய்த்துக் கொண்டுவந்த காகிதத்தையே வாங்கி ஒட்டிவிடுவார்கள். அந்துவான் சாரிடம் அது நடக்காது. அவரவர் கையால், மண்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மற்ற எதில் எப்படியோ, பென்சில் பிரதியில் நான் மன்னன். என் பிரதிகள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒன்று இரண்டைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் காட்டியும் இருக்கிறேன். அவள் தன் தலையெழுத்தை நொந்துகொண்டது அப்போது எனக்குப் புரியவில்லை.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம் சேவியர் என்பவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. அங்கிருந்து கப்பலில் கொண்டுவந்த ஃபியட் ஐந்நூறு அவருடையது. வெளிர்நீல நிறம். இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும், நான்கு பேர் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த வருட மழையில், எங்கள் ஊரின் உப்பளம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பதிவுப் புத்தகம், கப்பல் காகிதம் எல்லாம் கூழாகிவிட்டன. எங்கள் பதிவேட்டையும் அதே மழை பார்த்துக்கொண்டது. பாரபட்சம் இல்லாத மழை. ஆக, வண்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் புதிதாகப் பதிய வேண்டும். அந்துவான் சார் என்னைப் போகச் சொல்லிவிட்டு, சேவியரோடு ஓரமாக நின்று பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடமாம்.

நான் கெத்தாக முன்பக்க மூடியைத் திறந்தேன். இன்ஜினைக் காணோம். ஸ்டெப்னி இருந்தது, பெட்ரோல் டேங்க் இருந்தது, பேட்டரி இருந்தது. நான் மூடிவிட்டு மறுபடி திறந்தேன். சேவியர் பேச்சை நிறுத்தாமலே நடந்து போய்ப் பின்பக்க மூடியைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தார். இன்ஜின் அங்கே இருந்தது. "தெரியும், தெரியும்" என்றேன், யாரும் கேட்காமலே.

அதற்கு அப்புறம் சேஸிஸ் எண் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வருமா? பேசாமல் தேடினேன். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு எண் பளிச்சென்று தெரிந்தது. மண்டி போட்டேன். சட்டையெல்லாம் கிரீஸ். என் வாழ்க்கையிலேயே சிறந்த பென்சில் பிரதியை அன்றைக்கு எடுத்தேன். போதாக்குறைக்கு, விசித்திரமான வண்டி ஆயிற்றே, எனக்குப் பின்னால் வருகிறவர்கள் திணறக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், ஃபைலில் அழகாகப் படம் வரைந்து அம்புக்குறி போட்டு "எண் உள்ள இடம்" என்று எழுதினேன். அந்துவான் சார் என் கையெழுத்துக்குக் கீழே மேலொப்பம் இட்டார். படம் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

டேங்க் என்பது கழற்றி மாட்டும் சாமான். அதில் இருப்பது டேங்க் செய்த கம்பெனியின் எண். நிஜமான எண், டேங்குக்குப் பின்னால் தகட்டுச் சுவரில், தூசியும் பெயின்டும் மூடிய இடத்தில் அமைதியாக இருந்தது. நான் சேவியரின் கார் என்று பதிந்தது அந்த டேங்கை.

வருடங்கள் ஓடின. புதுப்பிக்க வரும்போதெல்லாம் எனக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் என் அம்புக்குறியைப் பின்பற்றி அதே டேங்கைத் தேய்த்து, எண் பொருந்துகிறது என்று எழுதினார்கள். மூன்று பேர். அரசாங்கத்தில் ஒரு தப்பு நிலைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு நல்ல படம் வரைந்து வைத்தால் போதும். இதற்குள் அந்துவான் சார் ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார். சேவியரும் போய்ச் சேர்ந்தார். நான் அந்துவான் சாரின் நாற்காலிக்கு வந்தேன். வெள்ளைச் சட்டை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது இளநிலை ஆய்வாளர் கவிதா ஒரு ஃபைலோடு வந்தாள். கெட்டிக்காரப் பெண். மறுபடி புதுப்பிக்க வந்த அந்த நீலக் காரின் எண் எங்கே இருக்கும் என்று போனில் இரண்டு நிமிடம் தேடி, தகட்டுச் சுவரைத் துடைத்துப் படம் எடுத்திருந்தாள். என் அம்புக்குறியை அவள் மதிக்கவே இல்லை. அந்த எண்ணும் பதிவில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை.

"திருட்டு வண்டியா இருக்கும் சார். கப்பல்ல வந்ததுன்னு சொல்லி ஏமாத்திப் பதிஞ்சிருக்காங்க. வண்டிய நிறுத்தி வச்சி, போலீசுக்கு எழுதிடலாம்" என்றாள். விதிப்படி அவள் சொன்னது சரி. மெமோவும் டைப் அடித்தாகிவிட்டது. "முதல் உரிமையாளர் சேவியர் மோசடியாகப் பதிவு செய்திருக்கலாம்" என்று அதில் ஒரு வரி. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

காரின் இப்போதைய சொந்தக்காரர் சேவியரின் மகள் செலின், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். என் எதிரே உட்கார்ந்து மெமோவைப் படித்தார். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. காகிதத்தை மேசைமேல் நேராக வைத்தார்.

"கார் போனா போவுது சார். எங்கப்பா திருடன்னு ஒரு கவுர்மெண்ட் பேப்பர்ல இருக்கக் கூடாது. அது மட்டும் வேணாம்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையாவது செய்ய வேண்டுமே என்று பழைய ஃபைலைப் புரட்டினேன். என் பென்சில் பிரதி வந்தது. முப்பது வருடத்துக்குப் பின்னும் அச்சடித்த மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தில் என் படம், என் அம்புக்குறி, கீழே என் கையெழுத்து. அம்பு எதைக் காட்டுகிறது என்று பார்த்தேன். கவிதா எடுத்த போட்டோவைப் பார்த்தேன். மெமோவைக் கவிழ்த்து வைத்தேன்.

கவிதாவை வேறு வேலையாக அனுப்பிவிட்டு, காரில் டேங்கை எப்போதாவது மாற்றினீர்களா என்று செலினிடம் கேட்டேன். கடைசியாகப் புதுப்பித்த பிறகு, மூன்று வருடத்துக்கு முன்னால், ஓட்டை விழுந்து மாற்றியதாகச் சொன்னார். பழைய டேங்க் எங்கே என்றேன். பழைய இரும்புக்காரனிடம் போயிருந்தால் கதை அதோடு முடிந்தது. ஓட்டை டேங்கை எவன் வைத்திருப்பான்?

குட்டிக் கார் சங்கத்துக்காரர்கள் வைத்திருப்பார்கள், செலினும் அதில் ஒரு ஆள். அன்றைக்குத்தான் அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரிந்தது. இந்தக் கார்களுக்குப் புதுச் சாமான் கிடைக்காது. அதனால் கழற்றிய எதையும் அவர்கள் தூக்கிப் போடுவதில்லை. உப்பளத்தில் ஒரு பழைய அரிசிக் கிடங்கு அவர்கள் வசம் இருக்கிறது. அங்கே கூரைச் சட்டத்தில் கதவுகள், ஸ்டியரிங்குகள், சைலன்ஸர்கள் எல்லாம் கம்பியில் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் அட்டை. அதில் மூன்று வரி: எந்த வண்டியுடையது, ஏன் கழற்றினது, இன்னும் எது வேலை செய்யும். மூன்றாவது வரியைக் காலியாக விடக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். மழுங்கிப்போன ஸ்க்ரூவாக இருந்தாலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியாக வேண்டும்.

நானும் செலினும் போனபோது ஏழுமலை கிடங்கில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், மீன் கூடையை இழுக்கும் கொக்கியால் ஒரு டேங்கை இறக்கினார். அட்டையில் சேவியர் காரின் நம்பர் பிளேட் எண். ஏன் கழற்றினது: ஓட்டை. எது வேலை செய்யும்: மூடி நல்லா இருக்கு. நான் மண்டி போட்டேன்; இந்த முறை முழங்கால் சத்தம் போட்டது. காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். பழக்கம் விட்டுப்போய்ப் பிரதி கேவலமாக வந்தது. ஆனால் எண், பழைய பிரதியில் இருந்த அதே எண்தான்.

செலின் அப்போதுதான் சொன்னார். "டேங்கப் பத்தி நீங்களே கேப்பீங்கன்னுதான் உக்காந்திருந்தேன் சார். அப்பா அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிச்சாரு, டேங்க் நம்பர எழுதிட்டாங்கன்னு."

எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த சேவியர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். 'அந்தத் தம்பி சட்டையெல்லாம் கிரீசாக்கிக்கினு மண்டி போட்டு எழுதுது. மேலதிகாரி பக்கத்துல நிக்கிறாரு. அவரு எதுர்ல எப்படிம்மா சொல்றது' ன்னாரு. தனியா பாத்துச் சொல்லணும்னு இருந்தாரு. அப்புறம் மறந்துட்டாரு. நானும் உங்க ஆபீஸ் பொண்ணு எதுர்ல எப்படிச் சொல்றதுன்னுதான்..."

என்னை அவமானப்படுத்தக்கூடாது என்று ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டார். அதற்குக் கூலியாக அவரைத் திருடன் என்று எழுதி, கையெழுத்துக்கு என் மேசையில் வைத்திருந்தோம். அந்தக் கிடங்கில் நான் வெட்கப்பட்டதைப்போல வாழ்க்கையில் வேறெங்கும் வெட்கப்பட்டதில்லை.

உடனே போய் வீரமாக எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு நாள் எழுதவில்லை. ஓய்வு பெறும் நேரத்தில் பிழையை ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், வரவேண்டிய பென்ஷன் நிற்கும். வேறு ஒரு வழியும் மனதில் ஓடியது. அந்துவான் சாரின் மேலொப்பம் இருக்கிறதே. மேலதிகாரி காட்டிய இடத்தில் பிரதி எடுத்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். இறந்தவர் மறுத்துச் சொல்ல வரமாட்டார். அந்த வரியை எழுதவும் எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால், அந்த ஒல்லி மனிதர் எதிரே நின்று என் மண்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. சத்தம் மந்தமாகத்தான் வந்திருக்கும். கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் கடையில் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். கவிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் படத்தையும் அம்புக்குறியையும் அடித்தேன். பெட்ரோல் டேங்கின் எண்ணை சேஸிஸ் எண்ணாகப் பதிந்துவிட்டேன் என்றும், வாகன உரிமையாளர் சேவியரிடம் எந்தக் குறையும் இல்லை என்றும் எழுதி, "பிழை என்னுடையது" என்று முடித்துத் தேதி போட்டேன். கவிதா அதைப் படித்தாள். மெமோவைத் தன் கையாலேயே கிழித்தாள். பிறகு, ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அவள் மேல் தப்பில்லை. சாயங்காலம் செலினைக் கூப்பிட்டு அந்தச் சிவப்பு வரிகளைக் காட்டினேன்.

விசாரணை வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். டேங்கைச் சாட்சியாக ஆட்டோவில் கொண்டுபோனேன். விசாரணை அதிகாரி அதை மேசைமேல் வைக்கச் சொல்லிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். முப்பது வருடமாக ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். கண்டிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். பென்ஷன் ஐந்து மாதம் தாமதமானது. பென்சில் பிரதி காட்டி மயக்கப் பார்த்த ஆளுக்கு இது வேண்டும் என்று என் மனைவி தீர்ப்பு சொன்னாள். நீலக் கார் சரியான எண்ணோடு ரோட்டுக்கு வந்தது.

ஓய்வு பெற்ற நாளில் ஆபீசில் சால்வை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வெளியே வந்தால் வாசலில் குட்டிக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. எனக்கு எதிரியாக இருக்க வேண்டிய கூட்டம். அவர்கள் ஊர்வலத்தில் எது ரொம்ப மெதுவோ அதுதான் முன்னால் போகும். யாரும் அதை முந்தக்கூடாது. ஆகவே செலினின் கார் முன்னால். அதில் என்னை மடக்கி உள்ளே தள்ளினார்கள். கடற்கரையைச் சுற்றிக்கொண்டு உப்பளம் கிடங்குக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் மீன்பாடி வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

கிடங்கில் ஏழுமலை மாலை ஏதும் வைத்திருக்கவில்லை. கம்பியில் கோத்த ஒரு மஞ்சள் அட்டையை என் கழுத்தில் மாட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

எந்த வண்டியுடையது: கவர்மெண்ட். ஏன் கழற்றினது: வயசு. இரண்டும் ஏழுமலையின் கோணல் எழுத்து. கூட்டமே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். மூன்றாவது வரி மட்டும் வேறு கை. பிள்ளைகளின் நோட்டைத் திருத்திப் பழகிய டீச்சர் கையெழுத்து. செலின் காருக்குப் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் எது வேலை செய்யும்: சிவப்புப் பேனா.